யாருடைய துரதிர்ஷ்டத்தைக் கணக்கில் எடுப்பது?

ஃபார்முலா 1 பார்க்கிற யாரிடமாவது 2012ஆம் வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் அந்த வாக்கியம் வந்துவிடும்: "அலோன்சோகிட்ட மட்டும் ஒரு நல்ல கார் இருந்திருந்தா..." அந்த வருடம் 20 ரேஸ்கள். முடிவில் செபாஸ்டியன் வெட்டலுக்கு 281 புள்ளி, ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு 278. மூன்றே புள்ளியில் பட்டம் வெட்டலுக்குப் போனது. வெட்டலிடம் அட்ரியன் நியூவி வடிவமைத்த ரெட் புல், அலோன்சோவிடம் ஒரு சுமாரான ஃபெராரி. ஆகவே கோப்பை யார் வீட்டில் இருந்தாலும் திறமை அலோன்சோவுடையதுதான் என்று பேச்சு முடியும்.

எனக்கு அலோன்சோவைப் பிடிக்கும். ஒரு வருடம் முழுக்க அவ்வளவு நன்றாக ஓட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த வாதம் எனக்கு உறுத்துகிறது. நமக்குப் பிடித்தவர் இழந்ததை எல்லாம் மளிகைக்கடை நோட்டு மாதிரி தேதிவாரியாக எழுதி வைத்துக்கொள்கிறோம். பக்கத்து கேரேஜில் இருந்தவர் இழந்ததை யார் எழுதுவது?

இந்த விளையாட்டில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே உருவாக்குகிறது. மிக வேகமான காருக்கும் மிக மெதுவான காருக்கும் ஒரு சுற்றில் பல விநாடி வித்தியாசம் வந்த வருடங்கள் உண்டு. அந்த இடைவெளியை எந்த டிரைவராலும் நிரப்ப முடியாது. அதனால் முடிவுப் பட்டியல் மட்டும் திறமையைச் சொல்லிவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டியலைத் தள்ளி வைத்த பிறகு எதை வைத்து அளப்பது என்று கேட்டால், ஆளாளுக்குத் தனக்கு வசதியான அளவுகோலை எடுத்துக்கொள்கிறோம்.

2012 இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான வருடம். முதல் ஏழு ரேஸில் ஏழு வெவ்வேறு ஆட்கள் ஜெயித்தார்கள். பார்சிலோனாவில் வில்லியம்ஸ் காரில் பாஸ்டர் மல்டொனாடோ ஜெயித்தார் என்று சொன்னாலே அந்த வருடம் எப்படிப்பட்டது என்று புரியும். கார்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன. அதனாலேயே ஒவ்வொரு கோளாறுக்கும் விலை அதிகமாக இருந்தது.

அலோன்சோவிலிருந்தே தொடங்கலாம். சீசன் தொடங்கியபோது ஃபெராரி உண்மையிலேயே மோசம். இரண்டாவது ரேஸ் மலேசியாவின் செபாங்கில், மழையில். எட்டாவது இடத்தில் புறப்பட்டவர் ஜெயித்தார்; பின்னால் சாபர் காரில் செர்ஜியோ பெரேஸ் துரத்திக்கொண்டு வந்தார். வலென்சியாவில் பதினோராவது இடத்திலிருந்து புறப்பட்டு, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஜெயித்து, மேடையில் கண் கலங்கினார். ஹாக்கன்ஹைமில் போல் பொசிஷனிலிருந்து, அதாவது தகுதிச்சுற்றில் முதலாவதாக வந்து எல்லோருக்கும் முன்னால் புறப்பட்டு, வெற்றி. அந்த வருடம் அவருக்குக் கிடைத்த இரண்டு போல் பொசிஷன்களும், சில்வர்ஸ்டோனும் ஹாக்கன்ஹைமும், மழையில் நடந்த தகுதிச்சுற்றுகளில் வந்தவை. இது முக்கியமான தடயம். தரை காய்ந்திருந்தால் காரின் வேகம்தான் பேசும். ஈரத்தில் கால், கை, தைரியம் மூன்றின் பங்கும் கூடும். அந்தப் பங்கு கூடிய நாள்களில் அவர் முன்னால் நின்றார். ஹங்கேரி ரேஸ் முடிந்து கோடை விடுமுறைக்குப் போகும்போது, இரண்டாவது இடத்தில் இருந்தவரைவிட 40 புள்ளி முன்னிலை.

அப்புறம் பெல்ஜியத்தில் ஸ்பா. முதல் வளைவில் ரோமன் க்ரோஷான் போய் லூயிஸ் ஹாமில்டனை இடிக்க, இரண்டு கார்களும் அலோன்சோவின் காரோடு மோதி, அவர் ரேஸ் அங்கேயே முடிந்தது. சுசூகாவில் கிளம்பியவுடன் கிமி ராய்க்கனனின் காரோடு உரசல், டயர் பஞ்சர், முதல் வளைவிலேயே ரேஸ் முடிந்தது. மாண்ஸாவில் தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் பின்பக்க ஆன்ட்டி-ரோல் பார் பழுதாகி, முன்வரிசைக்குப் போட்டியிட வேண்டியவர் பத்தாவது இடத்தில் நின்றார். அங்கிருந்தும் மூன்றாவதாக வந்தார்.

ரசிகர்களின் நோட்டு இங்கே முடிந்துவிடும். நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. 20 ரேஸில் ஒன்றில்கூட அலோன்சோவின் ஃபெராரி இயந்திரக் கோளாறால் ரேஸ் நடுவே நிற்கவில்லை. அவர் முடிக்காத இரண்டு ரேஸும் மோதல்கள். கார் மெதுவாக இருப்பது ஒரு குறை, கார் உடைவது வேறு குறை. "ஃபெராரி அவரைக் கைவிட்டது" என்ற வாக்கியத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிவிடுகிறோம். அந்த வருடம் ஃபெராரி மெதுவான, ஆனால் நம்பகமான கார். அந்த நம்பகத்தன்மைதான் 13 முறை அவரை மேடையேற்றியது. அதற்கும் அணிக்குக் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டுமா இல்லையா?

இப்போது வெட்டலின் பக்கம். வலென்சியாவில் அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக அழைத்துப் போகும் சேஃப்டி கார் உள்ளே போன கொஞ்ச நேரத்தில், காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போய் கார் நின்றது. வெற்றி அலோன்சோவுக்குப் போனது. நாம் அலோன்சோவின் மகத்தான வெற்றி என்று கொண்டாடுகிற அதே ரேஸ்தான். பதினோராவது இடத்திலிருந்து மேலே வந்தது முழுக்க அவர் திறமை. இரண்டாவது இடத்திலிருந்து முதலிடம் வந்தது ரெனோ இன்ஜினின் ஆல்டர்னேட்டர் கொடுத்தது. மாண்ஸாவில் புள்ளி கிடைக்கும் இடத்தில் இருந்தபோது வெட்டலுக்கு மறுபடியும் அதே ஆல்டர்னேட்டர் கோளாறு. இந்தியாவில், புத் சர்க்யூட்டில், வெட்டலின் அணித்தோழர் மார்க் வெப்பரின் ரெட் புல்லில் கெர்ஸ் (பிரேக் பிடிக்கும்போது சேமித்த ஆற்றலைக் கூடுதல் வேகமாகத் தரும் அமைப்பு) வேலை செய்யாமல் போக அலோன்சோ அவரைத் தாண்டி இரண்டாவதாக வந்தார். அதில் கிடைத்த கூடுதல் புள்ளி எத்தனை? மூன்று.

செபாங்கை மறக்கக் கூடாது, ஏனென்றால் அதில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். வெட்டல் நான்காவது இடத்தில் வந்துகொண்டிருந்தார். ஒரு சுற்று பின்தங்கிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் எச்ஆர்டி காரைத் தாண்டும்போது இரண்டும் உரசிக்கொண்டன. வெட்டலின் பின் டயர் கிழிந்து அவர் பதினோராவதாக, புள்ளியே இல்லாமல் முடித்தார். ரேஸ் முடிந்து கார்த்திகேயனைப் பற்றி அவர் பேசியது அவ்வளவு மரியாதையாக இல்லை. நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 விநாடி தண்டனை கொடுத்தார்கள். யார் தவறு என்று இன்றும் சண்டை போடலாம். என் கண்ணுக்கு, தாண்டிய பிறகு வெட்டல் கொஞ்சம் சீக்கிரமே பாதையை மூடினார். எப்படியோ, 12 புள்ளி போயிற்று. பிரேசிலின் கடைசி ரேஸில் முதல் சுற்றிலேயே சுழன்று எதிர்த்திசை பார்த்து நின்ற வெட்டல், அங்கிருந்து ஆறாவது இடம்வரை வந்தார்; ஏழாவது இடத்துக்கும் கீழே முடித்திருந்தால், 2012 பட்டத்தைத் தீர்மானித்தவர் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரரின் பெயரை உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

வெட்டல் தன் தவறால் இழந்ததும் உண்டு. ஹாக்கன்ஹைமில் ஜென்சன் பட்டனைப் பாதைக்கு வெளியே போய்த் தாண்டியதற்காக இரண்டாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்கு இறக்கப்பட்டார். அந்த எட்டுப் புள்ளியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஆனால் அந்த வருடத்தின் ஆகப் பெரிய நஷ்டக் கணக்கு இவர்கள் இருவருடையதும் இல்லை. மெக்லாரனில் இருந்த ஹாமில்டனுடையது. பார்சிலோனாவில் தகுதிச்சுற்றில் முதலாவதாக வந்தார். சோதனைக்குக் கொடுக்க வேண்டிய அளவு எரிபொருள் மிஞ்சாதபடி அணி குறைவாக ஊற்றியிருந்தது, கடைசி இடத்துக்கு அனுப்பினார்கள். பஹ்ரைனில், டயர் மாற்ற நிறுத்தும் பிட்டில், ஒரே சக்கரம் இரண்டு முறை சிக்கிக்கொண்டு நேரம் போனது. சிங்கப்பூரில் முன்னால் ஓடும்போது கியர்பாக்ஸ். அபுதாபியில் முன்னால் ஓடும்போது எரிபொருள் அமைப்பில் கோளாறு. பிரேசிலில் முன்னால் ஓடும்போது நிகோ ஹல்கன்பர்க் வந்து இடித்தார். ஸ்பாவில் க்ரோஷான் முதலில் இடித்ததும் இவரைத்தான். கடைசியில் 190 புள்ளி, நான்காவது இடம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஹாமில்டனின் காரே உடைத்துப் பறித்த இரண்டு வெற்றிகளை, சிங்கப்பூரையும் அபுதாபியையும், அவருக்குத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் ஜெயித்த வெட்டல் இரண்டாவதாகி ஏழு புள்ளி இழப்பார். மூன்றாவதாக வந்த அலோன்சோ நான்காவதாகி மூன்று இழப்பார். அபுதாபியில் இரண்டாவதாக வந்த அலோன்சோவும் மூன்றாவதாக வந்த வெட்டலும் ஆளுக்கு மூன்று புள்ளி இழப்பார்கள். கூட்டிக் கழித்தால் வெட்டல் 271, அலோன்சோ 272. பட்டம் அலோன்சோவுக்கு! அலோன்சோவின் மூன்றாவது சாம்பியன் பட்டத்தைத் தட்டிப் பறித்தது ஃபெராரியின் வேகக்குறைவு என்று சொல்வதைப் போலவே, மெக்லாரனின் ஒரு கியர்பாக்ஸ் என்றும் சொல்லலாம். அதே கையோடு வலென்சியா வெற்றியை வெட்டலுக்குத் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு 25 கூடி, அலோன்சோவுக்கு ஏழு குறைந்து, போட்டியே இல்லாமல் போய்விடும்.

ஒரு ரேஸில் ஒன்று மாறினால் அதற்குப் பிறகு எல்லாமே மாறியிருக்கும், இப்படிக் கூட்டிக் கழிப்பதில் அர்த்தம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் "மட்டும் இருந்திருந்தால்" என்று ஆரம்பிப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் ஏற்கனவே மனதுக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரே ஒருவருக்கு மட்டும். போடுவதென்றால் மூன்று பேருக்கும் போட வேண்டும். போட்ட பிறகு தெரிவது, எந்த நஷ்டத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து சாம்பியன் மாறிக்கொண்டே இருக்கிறார் என்பது.

சரி, அப்படியென்றால் ஒரே காரை ஓட்டுகிற இரண்டு பேரை ஒப்பிட்டால் போதுமே என்று அடுத்த யோசனை வரும். அணித்தோழர்தான் உண்மையான அளவுகோல் என்பது இந்த விளையாட்டின் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பாதி உண்மை. மெக்லாரனில் ஹாமில்டனும் பட்டனும் 2010 முதல் 2012 வரை மூன்று வருடம் சேர்ந்து ஓட்டினார்கள். மொத்தப் புள்ளி: பட்டன் 672, ஹாமில்டன் 657. பட்டன்தான் பெரிய திறமைசாலி என்று இதை வைத்து யாராவது சொல்கிறார்களா? 2011 ஹாமில்டனுக்குத் தன் தவறுகளாலேயே கெட்டது, அதில் பட்டன் நியாயமாக ஜெயித்தார். 2012 இல் 190க்கு 188 என்று ஹாமில்டன் முந்தினாலும், மேலே எழுதியது எல்லாம் இவர் பக்கத்துக் கோளாறுகள்தான். ஒரே அணி, ஒரே கார், ஆனால் உடைவது இரண்டு பேருக்கும் சமமாக உடைவதில்லை.

ஃபெராரியில் அலோன்சோவுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஃபெலிப்பே மாஸா. அந்த வருடம் கோடை விடுமுறை வரை அலோன்சோ 164, மாஸா 25. இந்த ஒப்பீட்டை வைத்துத்தான் "அது எவ்வளவு மோசமான கார் என்று மாஸாவைப் பாருங்கள்" என்று சொல்கிறோம். ஆனால் அந்த மாஸா யார்? 2008 இல் ஹாமில்டனிடம் ஒரே ஒரு புள்ளியில், 98க்கு 97 என்று, பட்டத்தை இழந்தவர். சொந்த ஊரான சாவோ பாவ்லோவில் ரேஸை ஜெயித்து, அவர் குடும்பம் கேரேஜில் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஹாமில்டன் டிமோ க்ளாக்கைத் தாண்டி ஐந்தாவதாக வந்து பட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்த வருடம் ஹங்கேரியில் மூன்று சுற்று மீதம் இருக்கும்போது முன்னால் ஓடிய மாஸாவின் இன்ஜின் வெடித்தது. சிங்கப்பூரில் எரிபொருள் குழாய் காரோடு மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஃபெராரியின் சிக்னல் விளக்கு பச்சை காட்டிவிட, குழாயை இழுத்துக்கொண்டே பிட் பாதையின் கடைசி வரை போனார். மறுபக்கம், சில்வர்ஸ்டோன் மழையில் அவரே திரும்பத் திரும்பச் சுழன்று கடைசியாக முடித்தார். ஸ்பாவில் ஹாமில்டனுக்கு விதித்த தண்டனையால் வெற்றி மாஸாவுக்குக் கிடைத்தது. எல்லாம் கலந்த கணக்கு.

2009 ஜூலையில் ஹங்கேரி தகுதிச்சுற்றில் ரூபன்ஸ் பாரிகெல்லோவின் காரிலிருந்து கழன்று வந்த ஸ்பிரிங் மாஸாவின் தலைக்கவசத்தில் அடித்தது. உயிர் பிழைத்ததே பெரிது. திரும்பி வந்து 2010 இல் ஹாக்கன்ஹைமில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவரிடம், பின்னால் வருகிற அலோன்சோ வேகமாக இருக்கிறார் என்று ரேடியோவில் சொன்னார்கள். குறிப்பு புரிந்து வழிவிட்டார். விபத்து நடந்து சரியாக ஒரு வருடம் ஆன தேதி அது. 2012 இல் ஆஸ்டினில், அலோன்சோ ஒரு இடம் முன்னேறிப் பாதையின் சுத்தமான பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பதற்காக, மாஸாவின் கியர்பாக்ஸ் முத்திரையை வேண்டுமென்றே உடைத்து, அதற்கான தண்டனையால் அவர் புறப்படும் இடத்தைப் பின்னால் தள்ளியது ஃபெராரி. விதியில் இடம் இருந்தது, செய்தார்கள். இப்படி நடத்தப்பட்ட ஒருவரை வைத்து இன்னொருவரை அளக்கும்போது, அளவுகோலே வளைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அணியின் குறைகளில் எது டிரைவரைத் தொடாதது, எது தொடுவது என்று பிரிப்பது இன்னும் சிரமம். ஆல்டர்னேட்டர் போவதற்கு டிரைவர் எதுவும் செய்ய முடியாது. வியூகம் அப்படி இல்லை. இதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் 2022 ஃபெராரி. மூன்று ரேஸ் முடிந்தபோது சார்ல் லெக்லெர் 71 புள்ளியோடு முதலிடம், மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 25 புள்ளியோடு எங்கோ கீழே. வருடக் கடைசியில் வெர்ஸ்டாப்பன் 454, லெக்லெர் 308. இதை ஃபெராரி பறித்த பட்டம் என்று சொல்பவர்கள் நிறைய.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பார்சிலோனாவிலும் பாகுவிலும் முன்னால் ஓடும்போது இன்ஜின் போனது, அதில் லெக்லெர் மேல் துளியும் தவறு இல்லை. இரண்டு வெற்றியையும் அவருக்குக் கொடுத்து, அங்கே ஜெயித்த வெர்ஸ்டாப்பனிடமிருந்து கழித்தாலும் 440க்கு 358. மொனாக்கோவும் சில்வர்ஸ்டோனும் அணியின் குளறுபடி என்று அவற்றையும் வெற்றியாகத் திருப்பிக் கொடுத்தாலும் இன்னும் ஐம்பது புள்ளிக்கு மேல் பின்னால்தான். அந்த முதல் மூன்று ரேஸில் வெர்ஸ்டாப்பனின் காரே இரண்டு முறை எரிபொருள் அமைப்புக் கோளாறால் நின்றதால் வந்த முன்னிலை அது என்பதையும் மறந்துவிடுகிறோம். இரண்டாம் பாதியில் ஒன்பது ரேஸில் ஏழில் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். இமோலாவில் பெரேஸைத் துரத்திச் சுழன்றதும், பால் ரிக்காரில் முதலிடத்திலிருந்து தடுப்பில் போய் மோதியதும் லெக்லெரே செய்தது. இரண்டாவதை அவரே ஒத்துக்கொண்டார்.

மொனாக்கோவில் போல் பொசிஷன், ஈரமான தரை, காய்ந்துகொண்டு வருகிறது. லெக்லெரை உள்ளே அழைத்து, லேசான ஈரத்துக்கான இடைநிலை டயர் மாட்டினார்கள். அப்புறம் மறுபடி அழைத்து, வரவேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் பிட்டுக்குள் வந்துவிட்டார். அங்கே முன்னால் அவருடைய அணித்தோழர் கார்லோஸ் சைன்ஸின் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான்காவதாக முடித்தார். அதே அணி, அதே வியூக மேசை, அதே மழை. சைன்ஸோ இடைநிலை டயரே வேண்டாம், நேராகக் காய்ந்த தரைக்கான வழுக்கு டயருக்குப் போகிறேன் என்று தானே நின்று இரண்டாவதாக வந்தார். சில்வர்ஸ்டோனில் சேஃப்டி காருக்குப் பிறகு, முன்னால் பழைய டயரில் இருக்கும் லெக்லெருக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னபோது சைன்ஸ் ரேடியோவிலேயே மறுத்துவிட்டு, தாண்டிப் போய், தன் முதல் வெற்றியைப் பெற்றார்.

ஒரு சுற்று வேகம் என்று வந்தால் லெக்லெர் பக்கத்தில் சைன்ஸ் நிற்க முடியாது. அந்த வருடம் லெக்லெருக்கு ஒன்பது போல் பொசிஷன். ஆனால் காரை ஓட்டிக்கொண்டே, தரை எப்படி இருக்கிறது என்று பிட் சுவரில் உட்கார்ந்து வியூகம் வகுப்பவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டு, "இல்லை, நான் வரமாட்டேன்" என்று சொல்வதும் திறமையில் சேர்த்திதான். அந்த அணி அப்படித்தான் என்று தெரிந்த பிறகு அது இன்னும் அவசியமான திறமை. லெக்லெரின் வியூகத் துயரங்களில் பாதியைத்தான் ஃபெராரியின் கணக்கில் எழுதுவேன்; அவருடைய ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 ஓட்டிய இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள், கார்த்திகேயனும் சென்னையின் கருண் சந்தோக்கும். கார்த்திகேயனின் பட்டியலில் பளிச்சென்று தெரிவது 2005 அமெரிக்க கிராண்ட் ப்ரீயில் வந்த நான்காவது இடம். இண்டியனாபொலிஸில் மிஷலின் டயர்கள் பதிமூன்றாவது வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் தொடக்கத்துக்கு முன்பே பிட்டுக்குள் போய்விட, ஆறே கார்கள் ஓடிய ரேஸ் அது. இரண்டு ஃபெராரி முன்னால், அப்புறம் ஜோர்டான் அணித்தோழர் டியாகோ மொன்டெய்ரோ, அப்புறம் கார்த்திகேயன், பின்னால் இரண்டு மினார்டி. ஐந்து புள்ளி. அவர் ஃபார்முலா 1 வாழ்க்கையின் மொத்தப் புள்ளியும் அதுவே. அந்த நான்காவது இடத்தை வைத்து அவரைப் புகழ்வதும் வீண். 2012 ஆஸ்திரேலியாவில் எச்ஆர்டி கார் இரண்டும் 107 சதவீத விதியை (தகுதிச்சுற்றின் மிக வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும் என்பது) தாண்ட முடியாமல் ரேஸுக்கே தகுதி பெறாததை வைத்து அவரை இகழ்வதும் வீண். மூன்று வருடத்தில் யார் ஓட்டியும் ஒரு புள்ளிகூட வாங்காத அணி அது.

சந்தோக்கின் நிலைமை இன்னும் கொடுமை. 2010 பஹ்ரைனில் அறிமுகம். பயிற்சிச் சுற்றுகள் முடியும்வரை கார் தயாராகவில்லை. அந்தக் காரில் அவர் ஓட்டிய முதல் சுற்றே தகுதிச்சுற்றில்தான். அவருடைய 11 ரேஸை வைத்து என்ன சொல்ல முடியும்?

கார்த்திகேயனைப் பற்றி எதையாவது சொல்ல வேண்டுமென்றால் ஃபார்முலா 1க்கு வெளியே போக வேண்டும். நாடுகள் அணிகளாக மோதிய ஏ1 ஜிபி போட்டியில் எல்லா நாடுகளுக்கும் ஒரே சேஸி (காரின் உடற்கூடு), ஒரே இன்ஜின். அங்கே 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாய் சர்க்யூட்டில் முக்கிய ரேஸை இந்திய அணிக்காக ஜெயித்தார். பின்னாளில் ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா, சூப்பர் ஜிடி என்று வருடக்கணக்கில் சம்பளம் வாங்கி ஓட்டினார். நல்ல, வேகமான தொழில்முறை டிரைவர் என்பதற்கு இது போதும். நல்ல கார் கிடைத்திருந்தால் அவர் உலக சாம்பியன் ஆகியிருப்பார் என்று சொல்ல இது போதாது. ஊர்ப்பாசம் என்பதாலேயே அந்தத் தாவலைத் தாவ எனக்கு விருப்பமில்லை.

அணியைத் தேர்ந்தெடுப்பதும் திறமைதான் என்று ஒரு வாதம் உண்டு. 2012 செப்டம்பர் கடைசியில் ஹாமில்டன் மெக்லாரனை விட்டு மெர்சிடிஸ் போகிறேன் என்று அறிவித்தபோது, மெர்சிடிஸ் திரும்பி வந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்திருந்த அணி. பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அங்கே ஆறு பட்டம் வாங்கினார். 2014 முடிவில் அலோன்சோ ஃபெராரியை விட்டு, பழைய பெருமையோடு ஹோண்டா திரும்பி வருகிற மெக்லாரனுக்குப் போனார். 2015 முழுக்க அவருக்குக் கிடைத்தது 11 புள்ளி. இரண்டு பேரும் அறிவிப்புப் பலகையில் இருந்த வாக்குறுதியை நம்பித்தான் போனார்கள். ஒன்று பலித்தது. 2007 இல் மெக்லாரனில் அலோன்சோ ஒரே வருடத்தில் எல்லோரையும் பகைத்துக்கொண்டு வெளியேறியதை மட்டும் துரதிர்ஷ்டத்தில் சேர்க்க மாட்டேன். அந்த வருடம் அவரும் ஹாமில்டனும் ஆளுக்கு 109 புள்ளி, 110 எடுத்த ராய்க்கனன் சாம்பியன். அங்கேயே இருந்திருந்தால் 2008 அவருடையதாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு.

2012க்கு என் வரிசையைக் கேட்டால், முதலில் ஹாமில்டன், மயிரிழையில் இரண்டாவதாக அலோன்சோ, மூன்றாவது வெட்டல். முன்னால் ஓடி இழந்ததில் ஹாமில்டன் அளவுக்கு யாரும் இழக்கவில்லை, அந்த வருடம் அவராகச் செய்த தவறுகளும் குறைவு. அலோன்சோவின் மழை ஓட்டங்களும் வலென்சியாவும் இல்லையென்றால் இந்த இடைவெளி பெரிதாக இருந்திருக்கும். பட்டம் வெட்டலிடம் இருப்பதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. சிங்கப்பூர், ஜப்பான், கொரியா, இந்தியா என்று தொடர்ந்து நான்கை ஜெயித்தவரை அதிர்ஷ்டசாலி என்று சொல்ல வாய் வரவில்லை.

நான்காவது யார் என்பதில்தான் தீர்மானத்துக்கு வர முடியவில்லை. இரண்டு வருடம் ராலி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்த ராய்க்கனன் 20 ரேஸையும் முடித்து, 207 புள்ளியோடு மூன்றாவதாக வந்தார். அந்த லோட்டஸ் எவ்வளவு நல்ல கார் என்று தெரிந்தால் முடிவு சொல்லலாம். அதைத் தெரிந்துகொள்ள அதே காரை ஓட்டிய இன்னொருவரைப் பார்க்க வேண்டும். அவர் க்ரோஷான், ஸ்பா மோதலுக்காக ஒரு ரேஸ் தடை வாங்கியவர், முதல் சுற்று மோதல்களுக்காகவே அந்த வருடம் பேர் போனவர். அவரை வைத்து யாரையும் அளக்க முடியாது. அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.